32 மணி நேர டியூட்டி முடித்தவர் கையில் வண்டிச் சாவி: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பணிபுரியும் ஹவுஸ் சர்ஜன்கள், பட்டமேற்படிப்பு மாணவர்கள் (பி.ஜி.க்கள்), உதவிப் பேராசிரியர்கள் ஆகியோரின் சங்கம் நாங்கள். செயற்குழுவில் மூன்று அமர்வுகள் பேசி, ஓரிரு இடங்களில் சண்டையும் போட்டு, இந்த அறிக்கையை வெளியிடுகிறோம். சொல்ல வருவது இதுதான்: 24 மணி நேரம் டியூட்டி பார்த்த மருத்துவர் வண்டி ஓட்டக் கூடாது. அவரைத் தூங்க வைத்து அனுப்புவதோ, வேறு வண்டியில் வீடு சேர்ப்பதோ அவரை விழித்திருக்க வைத்த மருத்துவமனையின் பொறுப்பு. 'பார்த்துப் போம்மா' என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

அட்மிஷன் டே என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. காலை 8 மணிக்கு ஒரு யூனிட் பொறுப்பெடுக்கும். அன்று பகலும் இரவும் வருகிற கேஸெல்லாம் அந்த யூனிட்டுக்கு. மறுநாள் காலை 8 மணிக்கு அடுத்த யூனிட் வந்துவிடும். ஆனால் முதல் யூனிட் பி.ஜி. வீட்டுக்குப் போக மாட்டார். ராத்திரி சேர்ந்தவர்களைப் பார்க்க சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். அவர் கேட்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி ஓட வேண்டும். ரத்த வங்கிக்குப் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். இதற்குப் பெயர் 'போஸ்ட் டியூட்டி'. பெயரில் மட்டும்தான் டியூட்டி முடிந்திருக்கிறது. மாலை 4 மணிக்கு அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போடும்போது 32 மணி நேரம் ஓடியிருக்கும். இடையில் தூக்கம் என்று சொல்ல, டியூட்டி ரூமில் இருக்கும் ஒற்றைக் கட்டிலில் முறை வைத்துச் சாய்ந்த அரை மணி, முக்கால் மணி.

மகப்பேறு துறையில் படிக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் செயற்குழுவில் சொன்னதை அப்படியே தருகிறோம். அன்று ராத்திரி லேபர் வார்டில் உட்கார நேரமில்லை. மாலை நாலரைக்கு ஸ்கூட்டரை எடுத்தார். சிக்னலில் சிவப்பு விழ, இடது காலை ஊன்றி நின்றார். அடுத்து அவருக்கு நினைவிருப்பது, தோளைத் தட்டி 'என்னம்மா, மயக்கமா?' என்று கேட்ட ஒரு பூக்காரம்மாவின் முகம். பச்சை விழுந்து, போய், மறுபடி சிவப்பாகியிருந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. அவரைப் பயமுறுத்தியது அதுகூட இல்லை. மருத்துவமனை கேட்டுக்கும் அந்தச் சிக்னலுக்கும் நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கியது அவருக்கு நினைவே இல்லை.

அவர் சொல்லி முடித்ததும் அறையில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோரிடமும் ஒரு மேம்பாலம் இருந்தது.

இதை நாங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். தூக்கக் கடன்பட்ட மூளை சில விநாடிகள் தானாகவே அணைந்துபோகும். கண் திறந்திருந்தாலும் அப்படி நடக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நான்கு விநாடியில் கிட்டத்தட்ட 67 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த தடமே இல்லாத விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. விடியற்காலை 2 முதல் 6 வரையும், மதியம் 2 முதல் 4 வரையும் உடம்பு தூக்கத்தைக் கெஞ்சிக் கேட்கும். நைட் டியூட்டி முடிந்து விடிகாலையில் கிளம்புகிறவரும், போஸ்ட் டியூட்டி முடிந்து மாலையில் கிளம்புகிறவரும் அந்தக் குழிகளின் விளிம்பில்தான் சாவியைத் திருகுகிறார்கள். இத்தனையும் தெரிந்த நாங்களே ஒரு டம்ளர் ஸ்ட்ராங் காபியை நம்பி வண்டியேறுகிறோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். காபி வேலை செய்ய அரை மணி ஆகும். வீடு இருபது நிமிடத்தில் வந்துவிடும்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கணக்கு எங்களுக்கு முக்கியம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் விழித்தால் அது 100 மில்லிகிராமுக்குச் சமம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு அனுமதிக்கும் எல்லை 30 மில்லிகிராம். அதாவது, அந்த எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் 'ஏறிய' நிலையில் ஒருவரை மருத்துவமனை வாசலில் வழியனுப்புகிறோம். அதே அளவு குடித்துவிட்டு அவர் ஓட்டியிருந்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் விழலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஊதச் சொல்லும் கருவியில் தூக்கமின்மை தெரியாது; அவ்வளவுதான் வித்தியாசம்.

மருத்துவர்களைப் பற்றியே நேரடி ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் 2,737 பயிற்சி மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்ட டியூட்டிக்குப் பிறகு ஓட்டும்போது விபத்துக்கான வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் ஏறக்குறைய ஆறு மடங்கு. அவர்களாவது நாலு சக்கர வண்டிக்குள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். நம்மவர் கையில் இருப்பது ஸ்கூட்டி. 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

சட்டத்துக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு பஸ் டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 9 மணி நேர ஓய்வும் கேட்டது. நடைமுறையில் அது எவ்வளவு மீறப்படுகிறது என்பதை எந்த ஆம்னி பஸ் டிரைவரும் சொல்வார். ஆனாலும் கணக்கென்று ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவர்களுக்கும் 1992-ல் மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு பட்டமேற்படிப்பு விதிகள் 'நியாயமான பணி நேரம்' என்கின்றன. நியாயம் எத்தனை மணி என்று அவை சொல்லவில்லை. அதே ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. மூன்றில் எதுவும் எங்கள் வார்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் டியூட்டி லிஸ்ட்டுக்குள் நுழையவில்லை.

எதிர்வாதங்களைச் செயற்குழு தட்டிக்கழிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. டியூட்டி மாறும்போதெல்லாம் நோயாளியைப் பற்றிய ஏதாவது ஒரு தகவல் நழுவும் என்பதும் உண்மை. மூத்த உறுப்பினர்கள் பலர் இதை அழுத்திச் சொன்னார்கள். அமெரிக்காவில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் நேரத்தைத் தளர்த்திப் பார்த்து 2016-ல் வெளியிட்ட பெரிய ஆய்வு, நீண்ட டியூட்டியால் நோயாளிகளுக்குக் கூடுதல் கேடு வரவில்லை என்றே முடித்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். வார்டுக்குள் பக்கத்தில் நர்ஸ் இருக்கிறார், சீனியர் இருக்கிறார், மானிட்டர் கத்துகிறது. ஒருவர் அசந்தால் இன்னொருவர் பிடித்துக்கொள்வார். மேம்பாலத்தில் ஸ்கூட்டியில் போகிறவரைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? டியூட்டி எத்தனை மணி நேரம் என்ற பெரிய சண்டை நடக்கட்டும். அதில் எங்கள் பக்கம் 24 மணி நேரம்தான் உச்சவரம்பு. வீட்டுக்குப் போகும் வழிக்கான ஏற்பாடு அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

'நாங்களெல்லாம் 48 மணி நேரம் நின்றவர்கள்' என்ற பேச்சையும் கேட்டோம். நின்றார்கள், மறுக்கவில்லை. அந்தத் தலைமுறையில் பெரும்பாலானோர் வளாகத்துக்குள் இருந்த ஹாஸ்டலுக்கு நடந்தே போனவர்கள். இன்று கல்யாணமாகி, குழந்தையோடு, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வாடகைக்கு இருக்கும் பி.ஜி.க்கள் நிறையப் பேர்.

அரசிடமும் மருத்துவமனை நிர்வாகங்களிடமும் நாங்கள் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. 24 மணி நேரம் முடிந்ததும் புதுக் கேஸ், தியேட்டர், ஓ.பி. எதுவும் கூடாது, கைமாற்றிக்கொடுக்க மட்டும் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். அதன் பிறகு தூங்கிவிட்டுப் போக நினைப்பவருக்கு, பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும், உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறை வேண்டும். (தாழ்ப்பாளை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்று கேட்பவர்கள் ஒரு ராத்திரி எங்கள் டியூட்டி ரூமில் வந்து படுத்துப் பார்க்கலாம்.) உடனே வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு ஆட்டோ அல்லது கால் டாக்ஸி கட்டணத்தை மருத்துவமனை தர வேண்டும்; அதற்கு யாரிடமும் கையெழுத்துக்கு நிற்க வைக்கக் கூடாது. இது மருத்துவர்களுக்கு மட்டுமான சலுகையாக இருப்பதையும் நாங்கள் விரும்பவில்லை. இரட்டை ஷிப்ட் பார்த்த ஸ்டாஃப் நர்ஸுக்கும், ஒப்பந்தத்தில் இருக்கும் காவலாளிக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் தூக்கம் ஒன்றுதான்.

வழியில் விபத்து நடந்தால் அதைப் பணியில் நடந்த விபத்தாகவே பதிய வேண்டும். மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் 2003-ல் அதிகாலை 3 மணி ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது, ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பிணைந்திருந்தால், வேலையின் பகுதியே என்று அந்த வழக்கில் 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு பட்டமேற்படிப்பு மாணவருக்குப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம். அந்தத் தீர்ப்பின் நியாயம் எங்களுக்கும் பொருந்தும்.

இனி, எங்கள் கையிலேயே இருக்கும் ஒரு விஷயம். கேஷுவல்டியில் விபத்துப் பதிவேட்டை, அதாவது ஏ.ஆர். காப்பியை, எழுதுவது நாங்கள்தான். மூச்சில் மது வாசம் இருக்கிறதா என்று எழுதுகிறோம். ஹெல்மெட் போட்டிருந்தாரா என்று கேட்கிறோம். 'தானாகச் சறுக்கி விழுந்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. போலீஸ் எஃப்.ஐ.ஆரில் அது 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று மாறிப் போகும். நள்ளிரவில் நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்தி, டிரைவரை முகம் கழுவச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பும் காவலர்களுக்காவது அவர் கண் செருகுவது தெரிகிறது. நம் படிவத்துக்குத் தெரியவில்லை. எனவே எங்கள் உறுப்பினர்கள், படிவம் மாறும்வரை காத்திராமல், ஓட்டி வந்தவர் யாராக இருந்தாலும் கடைசியாக எப்போது தூங்கி எழுந்தார் என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்தை அவர் சொன்னதாகவே ஏ.ஆரில் எழுத வேண்டும். இதனால் காப்பீட்டுத் தொகை மறுக்கப்படலாம், வழக்கில் டிரைவருக்கு எதிராகத் திரும்பலாம் என்று செயற்குழுவில் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். அந்தக் கவலை வெறும் பயம் அல்ல என்பதால் அதையும் இங்கே பதிவு செய்கிறோம். டியூட்டி நேரம் போட்ட முதலாளியின் பெயரும் அதே வரியில் வரட்டும் என்பது பெரும்பான்மையின் பதில்.

நிர்வாகம் ஏற்பாடு செய்யும்வரை, 24 மணி நேர டியூட்டி முடித்த எந்த உறுப்பினரின் வண்டிச் செலவையும் சங்கத்தின் நலநிதி தரும். செயலியில் வரும் ரசீதின் ஸ்கிரீன்ஷாட் போதும். ஆட்டோக்காரர் ரசீது தரமாட்டார் என்பது எங்களுக்கும் தெரியும். தொகையை மட்டும் எழுதி அனுப்புங்கள். ராத்திரி ஸ்டாண்டில் விட்டுவந்த ஸ்கூட்டருக்கான டோக்கன் காசையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.