6 ஒலிம்பிக் தங்கம் வென்றவர் சம்பளத்துக்காக ரஷ்யா போனது ஏன்? யார் இந்த டயானா டவுராசி?

2015-ல் ஒரு ரஷ்ய கிளப் அமெரிக்க கூடைப்பந்து வீராங்கனை ஒருவரிடம் விநோதமான டீல் பேசியது. சொந்த நாட்டு லீக்கில் இந்த வருஷம் ஆடாதீங்க, ஓய்வெடுங்க, அந்தச் சம்பளத்தைவிட அதிகமா நாங்களே தர்றோம் என்பதுதான் அந்த டீல். அவரும் சரின்னுட்டார்.

அவர்தான் டயானா டவுராசி. 2025 பிப்ரவரியில், 42 வயதில் ஓய்வை அறிவித்தவர்.

கல்லூரியிலேயே ஸ்டார்

கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்காக 2002, 2003, 2004 என வரிசையாக 3 தேசிய பட்டங்கள். கல்லூரி வீராங்கனைகளை லீக் அணிகள் தேர்வு செய்யும் 2004 டிராஃப்டில், ஃபீனிக்ஸ் மெர்குரி அணி இவரைத்தான் முதல் ஆளாக எடுத்தது. அதே ஆண்டு ஏதென்ஸில் முதல் ஒலிம்பிக் தங்கம். 2024 பாரிஸ் வரை மொத்தம் 6. ஆண், பெண் இருபாலரிலும் வேறு எந்த கூடைப்பந்து வீரரும் இதைத் தொட்டதில்லை. (பாரிஸ் ஃபைனலில் அவர் பெஞ்சில்தான் இருந்தார். பிரான்ஸை 67-66 என ஒரே புள்ளியில் அமெரிக்கா வென்றது!)

அப்புறம் ஏன் ரஷ்யா?

அமெரிக்காவின் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ-வில் 2015-ல் ஒரு வீராங்கனைக்குக் கிடைக்கும் உச்ச சம்பளமே சுமார் 1 லட்சத்து 7 ஆயிரம் டாலர்தான். யெகாடெரின்பர்க் நகர கிளப் இவருக்குக் கொடுத்ததோ சுமார் 15 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்த கிளப்புக்குப் பின்னால் இருந்தது ஒரு பெரிய சுரங்க நிறுவனம். டிக்கெட் விற்றா கொடுத்தார்கள்? கௌரவத்துக்காகக் கொட்டிய பணம் அது.

கோடையில் அமெரிக்கா, குளிர்காலத்தில் ரஷ்யா. உடம்புக்கு ஓய்வே கிடையாது. அதான் 'ஆடாம இருக்க' பணம் கொடுத்தார்கள்.

கிரைனருக்கு நடந்தது

இதே பாதையில் போனவர் பிரிட்னி கிரைனர். ஃபீனிக்ஸிலும் யெகாடெரின்பர்க்கிலும் டவுராசியின் சக வீராங்கனை. 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில், கஞ்சா எண்ணெய் வைத்திருந்ததாகக் கைதானார். 9 ஆண்டு சிறைத் தண்டனை. டிசம்பரில் ஆயுத வியாபாரி விக்டர் பவுட்டை விடுவித்துத்தான் அமெரிக்கா அவரை மீட்டது. குளிர்காலத்தில் அவர் அங்கே போகக் காரணமே சம்பளம்தான் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

அப்புறம் மாறிச்சா?

2025 வரை பாதி மாற்றம்னு சொல்லலாம். 2020 ஒப்பந்தத்தில் உச்ச சம்பளம் 2,15,000 டாலராக உயர்ந்தது. கூடவே, வெளிநாட்டில் ஆடிவிட்டு தாமதமாக வந்தால் அபராதம், பிறகு அந்த சீசனே ஆட முடியாது என்ற விதியும் வந்தது. 2024 டிராஃப்டில் முதலிடம் பிடித்த கெய்ட்லின் கிளார்க்கின் முதல் ஆண்டு சம்பளம் 76,535 டாலர். கிளார்க்குக்கு விளம்பர வருமானம் இருக்கு, ரஷ்யா தேவையில்லை. மற்ற வீராங்கனைகளுக்கு?

2025 ஜூலையில் ஆல் ஸ்டார் போட்டிக்கு முன், எங்களுக்குத் தர வேண்டியதைத் தாருங்கள் என்று எழுதிய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் வீராங்கனைகள் வார்ம்-அப்புக்கே வந்தார்கள்.