அடிப்போன் திறமையும் அளவுகோலும்

திறமையை அளத்தல் எளிதன்று. இளையோர் திறமையை அளத்தலோ மிக அரிது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆடப்பெறும் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்வுண்மை தெற்றென விளங்கும். பதினாறு பதினேழு வயதுச் சிறுவனுக்கு அணியில் இடம் உண்டா, கல்லூரி உதவிச் சம்பளம் கிட்டுமா என்பவற்றை ஆங்குப் பலர் ஓர் எண்ணைக் கொண்டே துணிகின்றனர். அவ்வெண் அடிச்சராசரி எனப்படும். அதனை மட்டும் நம்புதல் முறையன்று என்பது எம் கருத்து.

கிரிக்கெட்டில் சராசரி என்பது ஆட்டமிழப்பு ஒன்றுக்கு எடுத்த ஓட்டங்களின் அளவாகும். பேஸ்பாலிலோ, பந்தை நன்கு அடித்துத் தளம் சேர்ந்த முறைகளை அடிக்க முயன்ற முறைகளால் வகுத்துப் பெறும் ஈவே சராசரி. எல்லைக்குப் புறம்பான பந்துகள் நான்கினை அடியாது பொறுத்து நின்று ஒருவன் முதல் தளத்தைப் பெறுவானாயின், அஃது இக்கணக்கிற் சேராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டக் கணக்கு முறையைப் பத்திரிகைகளிற் பரப்பிய ஹென்றி சாட்விக் என்பார், அதனைப் பந்தெறிவோன் பிழையென்றே கருதினார். 1887-ஆம் ஆண்டில் மட்டும் அஃது அடியாக எண்ணப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. தளம் சேரும் விகிதம் பெருஞ்சங்கங்களின் முறையான கணக்கில் ஏறியது 1984-இலேதான்.

இதனால் விளையும் கேட்டினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இருவர் 60 முறை மட்டை பிடித்தனர் என்க. முதல்வன் 20 முறை அடித்துத் தளம் சேர்ந்தான். அவன் சராசரி ஆயிரத்துக்கு 333. மற்றவன் 12 முறை பொறுத்து நின்று தளம் பெற்று, எஞ்சிய 48-இல் 14 முறை அடித்தான். அவன் சராசரி 292. சராசரியை நோக்குவோர் முதல்வனையே மெச்சுவர். ஆயின், தளம் சேர்ந்தது அவன் 20 முறை. மற்றவனோ 26 முறை! அணிக்குப் பெரிதும் உதவியவன் யாவன்?

மேலும், பள்ளிப் பருவம் ஒன்றில் ஏறக்குறைய இருபது முப்பது ஆட்டங்களே நிகழும். வலியின்றி உருண்ட பந்துகள் இரண்டு களத்தோர் இடையே நழுவிச் செல்லுமாயின், அவ்விரண்டாமவன் சராசரியும் 333 ஆகிவிடும். இரண்டு பந்துகளின் அதிர்ஷ்டத்தைத் திறமையென்று கூறலாமா? இன்று எதிர்ப்படும் பந்தெறிவோன் வல்லவன். நாளை வருவோன் கற்றுக்குட்டி. களத்தோன் தவறவிட்ட பந்து அடியா, பிழையா என்பதும் கணக்கெழுதுவோன் துணிபைப் பொறுத்ததே.

சராசரி எளிது, யாவர்க்கும் விளங்குவது என்பர் சிலர். உண்மையே, ஆயினும் எளிமை நீதியாகாது. பயிற்சியாளர் பலர், பந்தை வன்மையாக அடித்தானா, பல பந்துகளைத் தாங்கி நின்றானா, தோழனை அடுத்த தளத்துக்கு நகர்த்தினானா என ஒவ்வொரு முறையையும் குறித்து வருகின்றனர். அம்முறையே சாலச் சிறந்தது. வன்மையாக அடித்த பந்து களத்தோன் கையிற் சிக்கினும், அடித்தவன் முயற்சி அதிற் புலப்படுமன்றோ?

ஒரு நாட் பரீட்சையின் மதிப்பெண் ஒரு மாணவன் கல்வி முழுமையும் ஆகாது என்பதனை மாணவராகிய யாம் நன்கறிவேம். மட்டை பிடித்து நிற்கும் சிறுவனுக்கும் அந்நீதியே வேண்டும். எண்ணை நோக்குக, எண்ணொடு ஆட்டத்தையும் நோக்குக.