தொட்டிக் கடலின் அற்ப ஜந்துக்கள்

கடற்கரையை விட்டு வெகுதூரம் உள்ளே தள்ளி, மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பெரம்பலூர், அரியலூர்ப் பிரதேசத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஒருவர் ஆசைப்பட்டால், அதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆனால் மீனோடு கூடவே வந்து சேரும் அற்ப ஜந்துக்களைக் கண்டவுடன் அவர் விஷப்புட்டியைத் தேடி ஓடுவாரானால், அந்த அவசரம் அவருடைய சிரமம் முழுவதையும் பாழாக்கிவிடும் என்று எச்சரிக்க விரும்புகிறேன்.

சிரமம் சாமானியமானதன்று. சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழ்துளைக் கிணற்று நீர் இதற்கு ஒத்துவராது, ஆர்.ஓ. நீரில், இதற்கென்றே விற்கும் கடலுப்பை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம், அதாவது 200 லிட்டர்த் தொட்டிக்கு 7 கிலோ, கரைக்க வேண்டும். சித்திரை வெயிலில் அதில் 20 லிட்டர் ஆவியாகிவிட்டால், உப்பு மட்டும் தங்கி, 35 என்றிருந்த உவர்ப்பு 39-ஐத் தொடும். ஆகவே குறைந்ததை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்பில்லாத நீரே. இத்தனை ஜாக்கிரதையோடு வளர்த்த தொட்டியில், ஓர் இரவு விளக்கணைத்து டார்ச் அடித்துப் பார்க்கையில், கண்ணாடியெங்கும் வெண்பொடியாய் ஊரும் பூச்சிகளும் கல்லிடுக்கில் நெளியும் மயிர்ப்புழுக்களும் தென்பட்டால், யாருக்கும் ஒரு கணம் அருவருப்பு உண்டாவது இயல்புதான்.

அந்தப் பொடிப் பூச்சிகள் பெரும்பாலும் கோபிபாட் வகையைச் சேர்ந்தவை. மீன்களுக்கு அவை உணவு, மாண்டரின் மீனுக்கோ ஏறக்குறைய அவையே ஜீவாதாரம். மயிர்ப்புழு கையில் பட்டால் முள்போல் குத்தும் என்பது மெய்யே. எனினும் அழுகியதையும் மிஞ்சியதையும் தின்று தொட்டியைச் சுத்தம் செய்வது அதுதான். அது அளவுக்கு மீறிப் பெருகுகிறதென்றால், மீன் தின்ன முடியாத அளவுக்கு நாம் உணவைக் கொட்டுகிறோம் என்று அர்த்தம். உணவைப் பாதியாகக் குறைத்துச் சில வாரங்கள் பொறுத்திருப்பதே இதற்கு நான் அறிந்த முதல் ஔஷதம்.

இதே மண்ணில் கிரெட்டேசியஸ் காலத்தில் உண்மையான சமுத்திரமே இருந்தது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அதன் எச்சங்களைப் பார்க்கலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் பாளம் பாளமாகக் கிடக்கும் கிரிஃபியா என்னும் சிப்பியின் ஓடுகள் பலவற்றில், கடற்பஞ்சுகள் துளைத்த துவாரங்களும், குழாய்ப்புழுக்களும் பிரையோசோவாக்களும் ஒட்டி வளர்ந்த தடங்களும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன. துளைப்பதும் ஒட்டுவதும் உறிஞ்சுவதும் ஆகிய இந்தத் தொழில்கள் அன்றே இருந்தன. அவற்றைச் செய்தவற்றைத் தின்னவும் அந்தக் கடலில் ஆள் இருந்தது. நம் கண்ணாடிப் பெட்டியில் அந்த ஆள் இல்லை, ஆதலால் அவ்வேலை வளர்ப்பவன் தலையில் விழுகிறது.

மெய்யான எதிரிகளும் உண்டு. ஐப்டேசியா என்னும் சிறு கடல்சாமந்தியைக் கோபத்தோடு கத்தியால் சுரண்டினால், கல்லில் ஒட்டி நிற்கும் துணுக்குகள் தனித்தனி உயிராக வளர்ந்து, ஒன்று இருந்த இடத்தில் பல தோன்றும். அதற்குப் பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தையை விடலாம். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாத விரதி அது. செந்நிறத் தட்டைப்புழுக்களின் விஷயம் இன்னும் விபரீதமானது: மருந்திட்டு அவற்றை ஒரே சமயத்தில் கொன்றால், அவற்றின் உடலிலிருந்து வெளிப்படும் நஞ்சே மீன்களைச் சாய்த்துவிடும், முன்கூட்டியே குழாய் வைத்து உறிஞ்சி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்ட பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் என்னும் நுண்ணுயிரைச் செம்பு கொல்லும். செம்பின் உப்பாகிய மயில்துத்தத்தை அறியாத விவசாயி இங்கே யார்? ஆனால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் செம்பே இறாலையும் பவளத்தையும் மாய்க்கப் போதுமானது, அதோடு சுண்ணாம்புக்கல்லில் அது படிந்து தங்கியும் விடும். மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அங்கே செம்பிட்டு, மூலத்தொட்டியைச் சுமார் இரண்டரை மாதம் மீனில்லாமல் விட்டுவைத்தால், ஒட்டி வாழ உடலின்றி அக்கிருமி தானே மடியும். இரண்டரை மாதம் யார் காத்திருப்பது என்கிறார்கள்! 2018-இல் அமெரிக்கப் படைப்புழு இந்த மாவட்டங்களின் மக்காச்சோளத்தைச் சூறையாடியபோது, கோடை உழவு, வேப்பம் புண்ணாக்கு, வரப்பில் தட்டைப்பயறு, இனக்கவர்ச்சிப் பொறி என்றெல்லாம் வேளாண் நிபுணர்கள் வற்புறுத்தியதும் இதே பொறுமையைத்தான்.

புதிதாக வந்த எதையும் சில வாரமாவது தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே யாவற்றிலும் சிறந்த காப்பு. தொட்டி விற்கும் கடைக்காரர் இரண்டாவதாக ஒரு சிறு தொட்டியையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வாங்குபவர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. மன்னார் வளைகுடாவிலிருந்து பெயர்த்த பவளக் கல்லை மலிவாகத் தருகிறோம் என்று யாரேனும் வந்தால் கதவைச் சாத்திவிடுவது நல்லது: பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, அழையா ஜந்துக்கள் ஏறிவரும் பிரதான வாகனமும் அக்கல்லே.

தொட்டியைக் கலைக்க நேரும் நாளிலும் அசிரத்தை கூடாது. காக்கா ஆழி என்று எண்ணூர், பழவேற்காட்டு மீனவர் அழைக்கும் சின்னஞ்சிறு அமெரிக்க மட்டி, பரந்து படர்ந்து சேற்றடியைப் போர்த்தி, அவர்களுடைய இறால் பாட்டையே கெடுத்திருக்கிறது. அந்நிய உயிர் ஒன்று கழிமுகத்தில் இறங்கினால் என்ன நேரும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். கரைவெட்டி ஏரியின் நன்னீரில் கடலுயிர் பிழைக்காது என்பது உண்மையானாலும், தொட்டியும் கல்லும் கைமாறிக் கடலூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ போய்ச் சேராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மீன்களைத் தக்கவரிடம் ஒப்படைத்துவிட்டு, எஞ்சிய நீரிலும் கல்லிலும் பிளீச்சிங் பவுடர் இட்டு ஒரு நாள் வைத்திருந்து, பிறகு சாக்கடையில் விடுவதே முறை. அந்த உப்புநீரை வாழைக்குப் பாய்ச்சக் கூடாது என்பதை இவ்வூர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.