முதல் எட்டு விநாடி



கூடைப்பந்தை உலகுக்குக் கொடுத்த ஜேம்ஸ் நைஸ்மித், கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு 1898 முதல் 1907 வரை பயிற்றுநராக இருந்தார். அவர் கணக்கில் 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றுவரை பொறுப்பேற்ற பயிற்றுநர்களில், வென்றதைவிடத் தோற்றது அதிகம் என்ற பெயர் அவர் ஒருவருக்குத்தான். அணியின் முதல் ஆட்டமே, 1899 பிப்ரவரியில், கன்சாஸ் நகர ஒய்.எம்.சி.ஏ.விடம் 16–5 என்று போனது. விதியை எழுதியவருக்கே அந்தக் கதி.

புஞ்சாக் ஆலாம், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துப் பெற்றோர் சிலருக்காகத்தான் இந்தக் கணக்கை எடுத்துப் போட்டேன். பிள்ளை கல்லூரியில் சேர்ந்த சில வாரத்திலேயே கூடைப்பந்து அணியில் பெயர் கொடுத்துவிடுகிறது. முதல் இரண்டு மூன்று ஆட்டத்தில் செம அடி. வார இறுதியில் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது. “படிக்கப் போன இடத்துல பந்து எதுக்குடா?” என்று அப்பா கேட்கிறார். “ஜெயிச்சாலாவது பரவால்ல” என்று அம்மா ஒத்து ஊதுகிறார். சண்டை போடும் முன் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள்.

நம் பிள்ளைகளில் பலர் கூடைப்பந்தைக் கையில் எடுப்பதே பதினேழு, பதினெட்டு வயதில்தான். எதிரே நிற்கும் பிள்ளை ஏழு வயதிலிருந்து தட்டுகிறது. இந்தப் பத்து வருட இடைவெளி முதல் மாதத்திலேயே மறைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத 18 மாணவர்களுக்காக நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். உள்ளரங்கின் மாடத்தில் இரண்டு பீச் பழக் கூடைகளை அடித்தார்கள். மாடத்தின் உயரம் பத்து அடி. இன்றைக்கும் வளையம் நிற்கும் 3.05 மீட்டர் உயரம் அங்கிருந்து வந்ததுதான். நான்கு ஆண்டுகளுக்குள் அதே ஒய்.எம்.சி.ஏ. ஆட்கள் இதைச் சீனாவின் தியான்ஜினுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பள்ளிக்கூடங்களில் அது வேர்விட்டது. மலாயாவுக்கு வந்த சீனர்கள் பள்ளி கட்டியபோது கூடவே தளமும் போட்டார்கள். இன்றும் நம் நாட்டில் ஒரு சீனப்பள்ளியைக் கடந்து போனால் சுவருக்கு மேலே வளையம் தெரியும்.

தமிழகத்திலும் இதே ஒய்.எம்.சி.ஏ.தான். ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்று போன ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுசேர்த்தார்கள். ஆனால் பால்மரம் வெட்ட நம் முன்னோரில் பலர் கப்பலேறியது அதற்கு முன்பே, அதுவும் கிராமங்களிலிருந்து. அவர்கள் கொண்டுவந்தது சடுகுடு. தோட்டத்து நிர்வாகம் கொடுத்தது கால்பந்துத் திடல். திடலுக்குப் புல் வெட்டினால் போதும். கூடைப்பந்துக்குச் சிமெண்டுத் தளம் வேண்டும், கம்பம் வேண்டும், பலகை வேண்டும். லயத்துக்கே ஒழுங்காகச் சிமெண்டு பூசாத நிர்வாகம் பந்து தட்டத் தளம் போடுமா என்ன? ஆகவே துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ், புக்கிட் ரோத்தான் பக்கம் பிறந்து வளர்ந்த தலைமுறைக்குக் கூடைப்பந்து அடுத்த வீட்டுக்காரர் ஆட்டமாகவே இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, செம்பனை இருந்த இடத்தில் தாமான்கள் எழும்பிய பிறகுதான் நம் பிள்ளைகள் காலாற நடக்கும் தூரத்தில் ஒரு வளையம் வந்தது. அதிலும் பாதிக்கு வலை கிழிந்திருக்கிறது.

சரி, தாமதமாக வருகிறார்கள். வெறுங்கையோடு வருகிறார்களா? அதுதான் இல்லை. ஒரு பயிற்சி ஆட்டத்தை ஓரமாக நின்று பார்த்தால் யார் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

தமிழ்ப்பள்ளியில் வலைப்பந்து ஆடிய பெண் பந்தைப் பிடித்ததும் சிலைபோல் நிற்பாள். வலைப்பந்தில் பந்தோடு நகரக்கூடாது, தட்டிக்கொண்டு ஓடக்கூடாது, மூன்று விநாடிக்குள் கைமாற்றியாக வேண்டும். ஆறு வருடம் உடம்பில் ஊறிய பழக்கம் அது. கூடைப்பந்தில் அப்படி நின்றால் எதிரணிப் பெண் வந்து கைக்குள் கையைவிட்டுப் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போவாள். பயிற்றுநர் ஓரத்திலிருந்து “தட்டு, தட்டு!” என்று கத்துவார். ஆனால் அதே பெண்ணின் பந்தளிப்பைப் பாருங்கள். மார்புயரத்தில், சரியான கைக்கு, சுழலாமல் வரும். ஒற்றைக் காலை ஊன்றி மற்றக் காலைத் திருப்பும் வித்தை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். மற்றவர்கள் ஒரு பருவம் முழுக்கப் படிக்கும் பாடம் அது.

கபடி ஆடிய பையனைத் தற்காப்பில் நிறுத்துங்கள். இடுப்பைத் தாழ்த்தி, கைகளை விரித்து, குதிகாலைத் தரையில் பதிக்காமல் பக்கவாட்டில் நகர்வான். இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. சிக்கல் ஒன்றே ஒன்று. அவன் கை எதிராளியைப் பிடிக்கப் பார்க்கும். கூடைப்பந்தில் ஐந்து தவறு செய்தால் வெளியே. முதல் ஆட்டத்தில் இரண்டாம் கால்பகுதி முடிவதற்குள் பெஞ்சுக்கு வந்துவிடுவான். கால்பந்துக்காரனுக்கோ இடம் பார்க்கத் தெரியும், நாற்பது நிமிடம் ஓடத் தெரியும். பந்து மட்டும் கையில் ஒட்டாது.

இனி எட்டு விநாடிக்கு வருகிறேன். தன் பக்கத்தில் பந்து கிடைத்தால் எட்டு விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்பது விதி. புது அணி என்று தெரிந்ததும் எதிரணி முதல் காரியமாக முழுத் தளத்திலும் நெருக்கும். பந்து தட்டி வருபவன் முதலாண்டு மாணவன். கண் பந்தின் மேல். தலை குனிந்த அந்த விநாடியில் பக்கத்தில் இன்னொருவன் வந்து நிற்பது தெரியாது. ஒருபுறம் கோடு, இருபுறம் ஆள். பதறித் தூக்கிப் போடுகிறான், பந்து எதிரணியின் கையில், எளிதான இரண்டு புள்ளி. பந்தை வெளியிலிருந்து மறுபடி உள்ளே எறிகிறார்கள், மறுபடி அதே கதை. ஐந்து நிமிடத்தில் 14–2. பார்க்க வந்த அப்பா எழுந்து தே தாரிக் குடிக்கப் போய்விடுகிறார்.

அவர் போகாமல் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. மூன்றாவது கால்பகுதியில் அந்தப் பையன் தலையை நிமிர்த்தினானா, நடுவில் நிற்கும் நண்பனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டுத் தான் ஓடினானா என்று கவனிப்பதுதான் பருவத் தொடக்கத்தில் பார்க்க வேண்டிய ஆட்டம். புள்ளிப்பலகை அதைக் காட்டாது. தோல்வி 40-இலிருந்து 25-ஆக, 25-இலிருந்து 12-ஆகக் குறைவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த ஒற்றை முன்னேற்றம்தான் இருக்கும். இன்னொன்று, கடைசிக் கால்பகுதியின் இலவச எறிகள். யாரும் தடுக்காத எறி, கோட்டிலிருந்து பலகை வெறும் 4.6 மீட்டர். கால் சோர்ந்தவனுக்குப் பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டும். அது திறமைக் குறைவு இல்லை, ஓட்டப் பயிற்சிக் குறைவு. நம் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிப் பயிற்சியை மழை எத்தனை நாள் அடித்துக்கொண்டு போகிறது என்பது உங்களுக்கே தெரியும். மூடிய அரங்கம் கிடைக்காத அணிகள் தளத்துத் தண்ணீரைத் துடைப்பானால் தள்ளிவிட்டுத்தான் ஆடுகின்றன.

“நம்ம ஆளுக்கு இதெல்லாம் வருமா?” என்று ஒரு கேள்வி வரும். வந்திருக்கிறது. குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி இருவரும் மலேசிய ஆண்கள் அணிக்கு ஆடியவர்கள். பத்துமலை என்ற பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு தேசிய அணியில் ஓடுவதைப் பார்ப்பதே தனிச் சுகம். பெண்கள் அணியில் கலைமதி ராஜிந்திரன் ஆடினார். 2017-இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் மலேசியப் பெண்கள் அணி தங்கம் வென்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையின் அனிதா பால்துரை, இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர், 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உயரமா? இருந்தால் நல்லதுதான். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்தங்குலம். 2018-இல் இலங்கைக்கு ஆசிய வலைப்பந்து வாகையர் பட்டம் வாங்கித் தந்ததில் அவர் உயரத்துக்குப் பெரும் பங்கு. அதற்காக நம் வீட்டு ஐந்தடி ஐந்தங்குலப் பிள்ளையை ஓரங்கட்ட வேண்டியதில்லை. எட்டு விநாடிக்குள் பந்தைக் கொண்டுவரும் வேலை குள்ளமானவர்களுக்கே நன்றாக வரும். தரைக்கும் கைக்கும் தூரம் குறைவு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிப்பு கெடும் என்ற பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். வாரம் மூன்று மாலை போகும், பரீட்சை வாரத்தில் ஆட்டம் வரும். கால அட்டவணையைக் கேட்டு வாங்கி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சப்பாத்து நல்லதாக வாங்கிக் கொடுங்கள். கணுக்கால் பிசகினால் படிப்பும் போகும், ஆட்டமும் போகும். இரவு பயிற்சி முடிந்து மோட்டாரில் லாத்தார் நெடுஞ்சாலைப் பக்கம் தனியாக வரவிடாதீர்கள். கூடுமானால் ஒரு ஆட்டத்துக்காவது போய் உட்காருங்கள். சொந்த ஊர்க் கல்லூரி அணிக்குக் கைதட்ட ஆளில்லாத அரங்கில் நம் பிள்ளைகள் ஆடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தோட்டத்துக் கால்பந்துப் போட்டி என்றால் கோயில் திருவிழாக் கூட்டம் திரண்ட ஊர்தானே இது!

அடுத்த இதழிலிருந்து கல்லூரி அணிகளுக்காக அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கோல சிலாங்கூர் வட்டாரத்து அணி எதுவானாலும் எழுதி அனுப்பலாம். ஆண்கள் அணி, பெண்கள் அணி, கூடைப்பந்து, வலைப்பந்து, எல்லாமே சரி. தோற்ற ஆட்டத்தையும் எழுதுங்கள், எத்தனை புள்ளியில் தோற்றீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். படம் அனுப்பினால் பெயர்களை இடமிருந்து வலமாகக் குறிப்பிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்தே ஆட்டத்தை முடித்தவர்கள் பெயரும், தண்ணீர்ப் போத்தல் தூக்கியவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்