வாட்ச்சுக்கு அம்மை!

லோயர் கேம்ப்பில் இப்போது யாரிடமும் "மணி என்ன?" என்று கேட்கக் கூடாது. மணி மட்டும் வராது. காலையிலிருந்து எத்தனை அடி நடந்தார், நாடி எத்தனை துடிக்கிறது, ராத்திரி எவ்வளவு நேரம் அசந்து தூங்கினார், சகலமும் வரும். ஸ்மார்ட் வாட்ச் அத்தனை பேர் கையில் ஏறிவிட்டது.

எனக்கு மாப்பிள்ளை முறையில் ஒருவர், கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், போன மாசம் டீக்கடையில் மணிக்கட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"என்ன மாமா இது? தவணையே இன்னும் முடியல. அதுக்குள்ள அம்மை போட்டிருச்சு பாருங்க!"

பார்த்தேன். அலுமினியப் பெட்டி. பட்டை மாட்டும் இரண்டு ஓரத்திலும் பொடிப்பொடியாகக் குழி. குழிக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள். கூட வந்த ரப்பர் பட்டை கெத்தாக இல்லையென்று, கடைத்தெருவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செயின் வாங்கி மாட்டியிருந்தார். அது மட்டும் புதுக் கருக்கு கலையாமல் மின்னியது.

"டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டாய்ங்களா?"

டூப்ளிகேட் இல்லை. மலையிலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிற ஊர் இது. மாப்பிள்ளை வியர்வையிலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு வேறு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். பாட்டரிக்கு இது போதும். இத்தாலிக்காரர் வோல்ட்டா 1800-ல் வெள்ளியையும் துத்தநாகத்தையும் அடுக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டையை இடையிடையே செருகிச் செய்ததும் இதுதான். இங்கே அலுமினியம், ஸ்டீல், வியர்வை. சித்திரை மாசத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் மூன்றாவது சரக்குக்குப் பஞ்சமே கிடையாது. இப்படிச் சேரும் ஜோடியில் ஒன்று கரையும், இன்னொன்று சௌக்கியமாக இருக்கும். கரைவது எப்போதும் இளைத்தவன். (உங்களுக்குச் சில கூட்டுக் குடும்பங்கள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) இந்த ஜோடியில் இளைத்தவன் அலுமினியம்.

அலுமினியத்துக்கு மேலே கெட்டியான ஆக்சைடு தோல் ஒன்று ஏற்றியிருப்பார்கள். 'ஆனடைஸ்' என்பார்களே, அது. அதில் மின்சாரம் பாயாது. அது முழுசாக இருக்கும்வரை வம்பில்லை. செயின் நாளெல்லாம் உரசி உரசி ஓரிடத்தில் கீறிவிட்டால் போச்சு. கீறல் சின்னதுதானே என்று சமாதானமும் சொல்ல முடியாது. சின்னதாக இருப்பதில்தான் ஆபத்தே. இத்தனை பெரிய ஸ்டீல் செயினும் சேர்ந்து அந்தக் கடுகளவு இடத்தைத் தின்னும். அதனால்தான் தேயாமல் குழி விழுகிறது.

பிரிட்டிஷ் கடற்படை இந்தப் பாடத்தை 1763-லேயே படித்துவிட்டது. மரக்கப்பலின் அடியைக் கடல்புழு அரிக்காமலிருக்க, 1761-ல் ஒரு போர்க்கப்பலுக்குச் செம்புத் தகடு போர்த்தி இரும்பாணி அடித்தார்கள். கப்பல் பெயர் 'அலார்ம்'. (வாட்ச்சுக்குப் பொருத்தமாக!) மேற்கிந்தியத் தீவுப் பக்கம் போய்வந்த பிறகு குனிந்து பார்த்தால் செம்பு ஜோராக இருக்கிறது, ஆணிகள் துருப்பசையாகிவிட்டன. தகடு அங்கங்கே கழன்று போயிருந்தது. சில ஆணி மட்டும் தப்பியிருந்தது. எப்படி? தகட்டைச் சுற்றி வந்த பிரவுன் பேப்பரைச் சரியாகப் பிரிக்காமல் அடித்திருக்கிறார்கள். ஆணிக்கும் செம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காகிதம் இரண்டையும் தொடவிடவில்லை. சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த அபூர்வமான வெற்றி!

"அப்ப வாட்ச்சுக்குப் பெயின்ட் அடிச்சுரவா மாமா?"

கூடாது. அலுமினியத்துக்குப் பூசினால், பூச்சு எங்கே ஊசிமுனையளவு விடுகிறதோ அங்கே பழைய கதை இன்னும் மும்முரமாக நடக்கும். பூச வேண்டியது சௌக்கியமாக இருக்கிற ஸ்டீலுக்கு. செயினின் இரு நுனியில், பெட்டியைத் தொடுமிடத்தில் மட்டும் நிறமில்லாத நகப்பூச்சு மெலிசாக ஒரு கோட். காயவிட்டு மாட்டலாம். உரசித் தேயும்போது மறுபடி பூச வேண்டும். இந்த வேலையெல்லாம் வேண்டாமென்றால் ரப்பர், நைலான் பட்டைக்கே திரும்பிவிடுவது உத்தமம். ஸ்டீல் பெட்டிக்கு ஸ்டீல் செயின் போட்டால் தகராறில்லை. பிளாஸ்டிக் பெட்டி என்றால் எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள்.

மாப்பிள்ளை விஷயத்தில் இன்னொரு சந்தேகம் எனக்கு. பன்னீர் திராட்சைக்கு போர்டோ கலவை அடிக்கிறவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கிலோவுக்குக் கிலோ, நூறு லிட்டர் தண்ணீரில். பிளாஸ்டிக் டிரம்மிலோ மண்பானையிலோதான் கரைப்பார்கள். பதம் பார்க்கப் பளபளப்பான கத்தியை முக்கியெடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை. கத்தியில் ஏறுகிற செம்பு வாட்ச்சில் ஏறாதா? கீறலுக்குள் செம்புத் துணுக்கு உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிப் பாட்டரி. ஸ்டீல் செயினே வேண்டாம், அதுவே போதும்.

"மருந்தடிக்கிறப்பவும் கட்டியிருக்கீகளா?"

"கழட்டுனா நடந்த கணக்கு விட்டுப்போகுமே மாமா!"

விட்டுப்போனால் போகட்டும். விழுந்த குழி இனி தூராது. பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், இருக்கிற தோலையும் புளி உரித்துவிடும். ராத்திரி செயினைக் கழற்றி, ஈரத் துணியால் இடுக்கிலுள்ள உப்பைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் ஒற்றி, காற்றாட வைத்துவிட்டுப் படுத்தால் குழி பரவுவது மட்டுப்படும்.