கடமையில் முறிந்த காலுக்கு யார் பொறுப்பு?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் பழமொழி. அரசாங்க உத்தியோகத்தின்மீது எம்மவர் வைத்த நம்பிக்கை அத்துணை பெரிது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். முதுமை வந்தால் பென்சன் வரும். உடம்புக்கு ஏதும் நேர்ந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இம்மூன்றையும் எண்ணியே பெற்றோர் காணியை ஈடு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தனர். முதலிரண்டு நம்பிக்கைகளும் பெரும்பாலும் பொய்க்கவில்லை. மூன்றாவது நம்பிக்கையின் கதி என்ன என்பதையே இவ்வாரம் ஆராய விரும்புகிறோம்.

வன்னியில் ஒரு குளக்கட்டை எண்ணிப் பாருங்கள். மாரிகாலத்து நள்ளிரவு. வெள்ளம் கட்டை முட்டி நிற்கிறது. கதவைத் திறந்து நீரை வெளியேற்றச் செல்லும் நீர்ப்பாசன ஊழியர் சேற்றில் வழுக்கி வீழ்ந்து காலை முறித்துக்கொள்கிறார். அவர் அன்றிரவு அங்கே சென்றிராவிடில் கீழேயுள்ள வயல்கள் அழிந்திருக்கும். அவருடைய கால் முறிந்தது ஊருக்காக, அரசாங்கத்தின் கட்டளைக்காக. ஆயின் அந்தக் கணத்திலிருந்து அவர் பாடு யாருடைய பாடு?

முதலில் கிராமத்து வைத்தியசாலை. அங்கிருந்து மாவட்ட வைத்தியசாலை. பின்னர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையே. இந்நாட்டின் இலவச வைத்தியம் நாம் பெருமைப்படத்தக்க ஒன்று என்பதை மறுப்பார் யாருமிலர். 2018ஆம் ஆண்டு யூலை மாதம் முதல் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் வட மாகாணத்திலும் அம்புலன்ஸ் வண்டி வருகின்றது. அதையும் நன்றியுடன் குறிப்பிடுகின்றோம். ஆனால் எலும்பு பொருந்துவதோடு சிகிச்சை முடிவதில்லை. மாதக் கணக்காகப் பிசியோதெரபிக்குப் போய்வர வேண்டும். வாட்டில் துணைக்கு நிற்பவர் கூலி இழக்கிறார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தீர்ந்து, நோயாளர் துண்டுச்சீட்டுடன் வெளியே மருந்துக்கடைகளுக்கு அலைந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். இச்செலவுகளெல்லாம் காயம்பட்டவர் தலையிலேயே விழுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வேலையின்போது நேரும் மரணத்துக்கும் அங்கவீனத்துக்கும் அது பணத்தால் அளவு வகுக்கின்றது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்நட்டஈட்டின் உச்ச எல்லையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. வரவேற்கத்தக்க திருத்தமே. நிரந்தர உத்தியோகத்தருக்குத் தாபன விதிக்கோவையில், கடமையிற் காயமுற்றால் விசேட லீவு பெற வழியுண்டு. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் ‘அக்ரகார’ காப்புறுதியை நடத்துகின்றது. செலவு செய்த பின்னர் பற்றுச்சீட்டைக் காட்டி, வகுத்த எல்லைக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம்.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கால் போனபின் அதன் விலையைக் கணக்கிடச் சட்டம் இருக்கின்றது. பணம் செலவான பின் அதிற் பங்கு தரத் திட்டம் இருக்கின்றது. காலைப் போகாமற் காக்கும் அந்த இடைப்பட்ட நாட்களுக்குப் பொறுப்பேற்பவர் எவருமிலர்! கையிற் காசுள்ளவர் முதலிற் செலவழித்துப் பின்னர் மீட்டுக்கொள்வார். காசில்லாத சிற்றூழியர் எதைச் செலவழிப்பது, எதை மீட்பது?

நிரந்தர நியமனம் இல்லாதோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வடிகாலைத் துப்புரவு செய்பவரும், வீதியில் தார் ஊற்றுபவரும், நாட்சம்பளத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களே. உடைந்த கண்ணாடி அவர் பாதத்தைக் கிழிக்கும்போது, அது நிரந்தர ஊழியரா, அமைய ஊழியரா என்று கேட்டுக் கிழிப்பதில்லை. ஆயின் மறுநாட் காலை வேலைக்கு வராவிடில் நின்றுபோவது அவருடைய கூலி. ஆறாத புண்ணோடு அவர் வேலைக்குத் திரும்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிற நாட்டு அனுபவம் ஒன்றைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1916ஆம் ஆண்டிலேயே தன் மத்திய அரசாங்க ஊழியருக்கென நட்டஈட்டுச் சட்டம் இயற்றியது. வேலையிற் காயமுற்றவரின் சிகிச்சைச் செலவை அரசாங்கமே ஏற்கும். வைத்தியரை அவரே தெரிவு செய்யலாம். வைத்தியரிடம் போய்வரும் செலவையும் கோரலாம். 1974ஆம் ஆண்டின் திருத்தத்தால், விபத்திற் காயமுற்றவருக்கு 45 நாட்கள் வரை சம்பளம் நிற்காமல் தொடரவும் வழி பிறந்தது. இத்தனை இருந்தும் அங்கும் குறையுண்டு. படிவங்களின் தொல்லைக்கும் பணம் வரும் தாமதத்துக்கும் அஞ்சி, இவ்வூழியரை ஏற்கப் பல வைத்தியர் பின்வாங்கினர். வைத்தியர் அரிதான நாட்டுப்புறங்களிற் சிகிச்சை அளித்த உயர்தரத் தாதியரின் சான்று, வைத்தியர் கையொப்பம் இல்லையேல் நீண்ட காலம் ஏற்கப்படவில்லை. செல்வத்திற் சிறந்த அந்நாடே நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கின்றது. ஏட்டில் உரிமை எழுதினால் மட்டும் போதாது. அந்த உரிமையை நிறைவேற்றும் வைத்தியர் காயம்பட்டவருக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எட்டும் தூரம் என்பது மைலால் அளப்பது மட்டுமன்று, மொழியாலும் அளப்பது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது. ஆகவே கால் முறிந்த ஊழியர் தமக்கு விளங்காத மொழியிற் படிவத்தையோ கடிதத்தையோ பெற்று, மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலைய நேருமாயின், அது அரசியலமைப்புக்கே மாறானதாகும்.

“திறைசேரி வெறுமையாக இருக்கின்றது; இதற்கெல்லாம் பணம் எங்கே?” எனச் சிலர் வினவலாம். வேறு சிலர், “வயலிற் பாம்பு தீண்டிய விவசாயிக்கும், எலிக்காய்ச்சல் கண்ட கூலிக்கும் இல்லாத சலுகை அரசாங்க ஊழியருக்கு மட்டும் எதற்கு?” என்பர். இரண்டாவது வினா நியாயமானது. அதற்கே முதலில் விடை தருகிறோம். வேலைக்கு ஆள் வைத்தவர் அந்த வேலையால் வந்த காயத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது தனியார் முதலாளிக்குச் சட்டம் விதித்த நீதி. நாட்டிலேயே பெரிய முதலாளி அரசாங்கம். பிறருக்கு விதித்ததைத் தானும் ஏற்பது சலுகையாகாது. அன்றியும், மாவட்ட வைத்தியசாலைக்கு எலும்பு முறிவு வைத்திய நிபுணரும் பிசியோதெரபி நிலையமும் வந்தால், அவ்வாசல் விவசாயிக்கும் திறந்தே இருக்கும். முதல் வினாவுக்கு விடை எளிது. காலத்திற் குணமான ஊழியர் வேலைக்குத் திரும்புவார். குணமாகாதவருக்கு அரசாங்கம் நட்டஈடு கொடுத்த பின்னும் அவர் குடும்பம் வறுமையில் விழும். எது செலவு, எது சிக்கனம் என்பதைக் கணக்கறிந்தோர் சொல்லட்டும்.

சர்வதேசத் தொழில் தாபனம் 1964ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 121ஆம் இலக்கச் சமவாயம், வேலையிற் காயமுற்றோருக்கு வைத்திய நிபுணர் சிகிச்சை, மருந்து, செயற்கை உறுப்பு ஆகிய யாவும் உரியவை என்கிறது. அந்த நெறியில் நின்று நாம் கோருபவை ஐந்தே. காயமுற்ற அன்றே அலுவலகத் தலைவர் ஒரு கடமைக் காயச் சீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். அச்சீட்டைக் கண்டதும் மருந்துக்கும் போக்குவரத்துக்குமான செலவை அரசாங்கம் முன்னதாகவே ஏற்க வேண்டும். வைத்திய சபை மாவட்டத்திலேயே கூடி, ஊழியரின் மொழியில் விசாரித்து, குறித்த நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நாட்சம்பளக்காரருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் சிகிச்சைக் காலத்திற் கூலி தொடர வேண்டும். மாவட்டந்தோறும் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கு ஒரு நிலையம் வேண்டும்.

இக்கோரிக்கைகளைத் தொழிற்சங்கங்கள் மட்டும் எழுப்பினாற் போதாது. வைத்தியர்கள் தாம் எழுதும் சான்றிதழின் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் உணவு என்பதை உணர வேண்டும். சட்டத்தரணிகள் நட்டஈட்டு வழக்குகளிற் கூலி பாராது துணை நிற்க வேண்டும். அலுவலகத் தலைவர்கள், விபத்து நடந்த அன்றே அறிக்கை எழுதும் சிறு கடமையைத் தள்ளிப்போடாதிருக்க வேண்டும். விவசாயிகளும் இது உத்தியோகத்தர் விவகாரம் என ஒதுங்கலாகாது. அடுத்த மாரியிலும் குளம் பெருகும். அன்றிரவும் ஒருவர் கதவைத் திறக்க இருளில் நடந்து போவார். அவர் வழுக்கி வீழ்ந்தால் தூக்கிவிட ஒரு கை இருக்கும் என்ற உறுதியை இன்றே அவருக்குக் கொடுப்பது நம் அனைவர் கடமையுமாகும்.