கடன் வாங்கி ஸ்டார் கட்ட வேண்டாம்

கோலார் தங்கவயலில் மாரிகுப்பத்திலிருந்து உரிகம் வரை சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் வாசலில் காகித ஸ்டார்கள் ஏறத் தொடங்கிவிட்டன. ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் மாலையில் தோள் இடிக்காமல் நடக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ், அதன் பின்னாலேயே புத்தாண்டு, அது ஓய்வதற்குள் பொங்கல். இடையில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளில் இருமுடிச் செலவு, வேன் வாடகை. டிசம்பர் முதல் வாரத்தில் அவிழ்கிற முடிச்சு ஜனவரி நடுவில்தான் மறுபடி விழுகிறது. அதற்குள் கையிருப்பு கரைவதோடு நிற்பதில்லை. இன்னும் சம்பாதிக்காத மாதங்களின் கூலியும் சேர்ந்து போய்விடுகிறது.

எங்கள் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்கிறோம். தங்கவயல் நன்றாகவே பண்டிகை கொண்டாடட்டும். ஆனால் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கிக் கொண்டாட வேண்டாம். பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கடன் வாங்குவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். கேக்குக்கும் பட்டாசுக்கும் புதுத்துணிக்கும் வட்டி கட்டுவது தவிர்க்கக் கூடியது. தவிர்த்தே தீர வேண்டியது.

இந்தச் செலவுப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் இந்த ஊர் மக்களுக்குச் சிக்கனம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து தங்கச் சுரங்கக் குழியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிறந்த ஊரில் நல்ல துணி உடுத்தித் தெருவில் நடப்பதே குற்றமாக இருந்தது அவர்களுக்கு. இங்கே கைக்குக் கூலி வந்தது. பண்டிகை நாளில் மடிப்புக் கலையாத சட்டையோடு கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போனது, நாங்களும் மனிதர்கள்தான் என்று ஊரறியச் சொன்ன செயல். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே வேலை செய்து, பாறை வெடித்துச் சிதறினால் மேலே வருவோமா என்று தெரியாதவர்கள், மேலே இருந்த நாட்களை மனம் குளிரக் கொண்டாடினார்கள். இதை ஊதாரித்தனம் என்று சொல்கிறவருக்கு இந்த ஊரின் வரலாறு தெரியாது.

அந்தக் கொண்டாட்டத்துக்குக் கீழே ஓர் அடித்தளமும் இருந்தது. வீடு கம்பெனி வீடு. தண்ணீர், விளக்கு, மருத்துவமனை எல்லாம் கம்பெனியுடையவை. சிவனசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்த ஊர் இது. சம்பளம் சிறிதுதான், சம்பள நாள் மட்டும் பொய்க்காது. டிசம்பரில் கை நீண்டாலும் ஜனவரிச் சம்பளம் வந்து தாங்கும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி, சுரங்கத்தை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது அந்த அடித்தளம் ஒரே நாளில் போயிற்று. மாரிகுப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போய் பெங்களூரில் காவல் வேலையும் துப்புரவு வேலையும் கட்டட வேலையும் கடை வேலையும் செய்து இரவில் திரும்புகிறவர்கள் இன்று இந்த ஊரின் உழைப்பாளிகள். அவர்களில் பலருக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்தால்தான் சம்பளம். வராத நாளுக்குக் கூலி இல்லை. மருத்துவமனைக்கும் அவர்களே கட்ட வேண்டும். சம்பளம் மாறிவிட்டது, பண்டிகையின் அளவு மட்டும் மாறவில்லை. இடையில் விழுந்த பள்ளத்தைத்தான் கடன்காரர்கள் நிரப்புகிறார்கள்.

எப்படி நிரப்புகிறார்கள் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். தண்டல்காரரிடம் பத்தாயிரம் வாங்கினால் பிடித்தம் போக 8,500 கையில் வரும். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்பதற்கு 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், நூறு நாளும் சராசரியாக நம் கையில் நிற்பது ஏறத்தாழ 4,250 ரூபாய். அதற்கு 1,500 வட்டி என்றால் ஆண்டுக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. கிறிஸ்துமஸுக்கு முன் வாங்கிய தண்டல் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோதான் முடியும். முடிந்த கையோடு ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் வாசலில் நிற்கும். அதற்கு இன்னொரு தண்டல்.

நகைக் கடன் இதைவிட மரியாதையானது என்று பலர் நினைக்கிறார்கள். வட்டி குறைவு, யாரும் வீட்டு வாசலில் வந்து கத்துவதில்லை என்பது உண்மை. ஆனால் 10 கிராம் தங்கம் 2025-இல் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு அடகுக் கடைக் கதவு மிக அகலமாகத் திறந்திருக்கிறது. ஒரு சவரன் சங்கிலிக்கு முன்பு கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு பணம் தருகிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அறிவித்த விதிகள் இரண்டரை லட்சம் வரையிலான நகைக் கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தர அனுமதிக்கின்றன. அந்த அளவுக்குள் வாங்குபவரின் திருப்பிக் கட்டும் திறனை விரிவாக ஆராய வேண்டியதும் இல்லை. சிறு கடனாளிக்கு உதவ வந்த விதிதான். ஆயினும் அதிகம் கிடைக்கிறது என்பதற்காக அதிகம் வாங்கினால், மீட்க வேண்டியதும் அதிகம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் வகைக் கடனுக்குக் கெடு 12 மாதம். அடுத்த டிசம்பர் வரும்போது அந்தக் கெடுவும் கூடவே வரும். மீட்க முடியாத நகை ஏலத்துக்குப் போகும். 121 ஆண்டுகள் இந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்துக் கொடுத்தவர்களின் பேத்திகள், தங்கள் கழுத்திலிருந்த ஒரு சவரனை ஒரு பண்டிகைக்காக இழக்கக் கூடாது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

கைபேசிக்கும் டிவிக்கும் வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் வருகிறது. அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி, விலைக்குள்ளோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ, செயல்முறைக் கட்டணத்திலோ இருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் ரொக்க விலை என்ன என்று கடையில் ஒரு முறை கேட்டுப் பார்த்தாலே போதும்.

வருஷத்துக்கு ஒரு நாள், அதற்கும் கணக்குப் பார்ப்பதா, பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஏங்கமாட்டார்களா என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏக்கம் உண்மையானது. ஆனால் அந்த ஏக்கத்தை உண்டாக்குவது வறுமை மட்டுமா? ஒரு லைனில் பத்து வீடுகள் இருந்தால் பத்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் செலவு செய்கின்றன. ஒரு வீடு தனியாகக் குறைத்துக்கொண்டால் அதற்குத் தலைகுனிவு. பத்தும் பேசிக்கொண்டு குறைத்தால் யாருக்கும் தலைகுனிவில்லை. ஆகவே இதைத் தனித்தனிக் குடும்பங்களின் மன உறுதிக்கு விட்டுவிடுவது நியாயமல்ல. கல்கல்லும் அச்சு முறுக்கும் நான்கு வீட்டுப் பெண்கள் ஓர் அடுப்பில் சேர்ந்து சுட்டால் எண்ணெயும் மிச்சம், வேலையும் மிச்சம். ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கிறிஸ்துமஸ் குடிலும் மின்விளக்குச் சரமும் வைப்பதற்குப் பதில் லைனுக்கு ஒரு குடில் வைக்கலாம். அதைப் பிள்ளைகளே சேர்ந்து கட்டலாம். பொங்கலுக்கும் அப்படியே.

வியாபாரிகளின் கவலையும் நமக்குத் தெரியும். ராபர்ட்சன்பேட்டைக் கடைகள் இந்த ஆறு வாரத்தை நம்பியிருக்கின்றன. ஆனால் கடனில் வாங்கியவர் அடுத்த பல மாதங்கள் கடைப் பக்கம் வருவதில்லை. மளிகைக்கும் கடன் சொல்கிறார். வட்டியாகப் போகும் பணம் இந்த ஊர்க் கடைக்கு வராத பணம்.

இந்தப் பண்டிகைக்கு இனிச் சேமிக்க நேரமில்லை. இருப்பதற்குள் செலவை அடக்குவது ஒன்றே வழி. கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்து, ஜனவரி வாடகையையும் ரயில் சீசன் டிக்கெட்டையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பண்டிகை நடக்கட்டும். அடுத்த ஆண்டுக்கோ காலம் இருக்கிறது. ஜனவரியிலிருந்து வாரம் ஒன்றுக்கு 200 ரூபாய் ஒதுக்கினால் 48 வாரத்தில் 9,600. வங்கியில் டிசம்பருக்குள் முதிரும் தொடர் வைப்பாகப் போட்டால் மேலே கொஞ்சம் வட்டியும் உண்டு. தண்டல்காரர் கையில் தரும் தொகையைவிட அது அதிகம். திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை.

எங்கே சேமிக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1909-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற சிறு நகரத்து வங்கி ஒன்று தொழிலாளர்களுக்காகக் கிறிஸ்துமஸ் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அது நாடெங்கும் பரவியது. வங்கியில் இருந்ததால் கணக்கு ஒழுங்காக இருந்தது. பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில், பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது திவாலானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எளிய குடும்பங்களின் ஓராண்டுச் சேமிப்பு போனது. பண்டிகைச் சீட்டு என்ற பெயரில் மாதாமாதம் வசூலிக்கும் தெரிந்த முகங்கள் நம் தெருக்களிலும் உண்டு. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யாதவரிடம், எவ்வளவு நெருங்கிய உறவானாலும், பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மிரட்டி வசூலிக்கும் நுண்கடன்காரர்களுக்கு எதிராகக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பத்தாண்டு சிறை வரை தண்டனை உண்டு. அது காகிதத்தில் கிடந்தால் பயனில்லை. வாசலில் நின்று அவமானப்படுத்தும் வசூல்காரர் மேல் புகார் கொடுக்க ஒரு பெண் காவல் நிலையத்துக்கு வந்தால், சமாதானம் பேசித் திருப்பி அனுப்பாமல் வழக்குப் பதிய வேண்டும். பண்டிகை மாதத்தில் கடன் குழுக்களைத் தேடி வந்து கூடுதல் கடனைத் தலையில் கட்டும் நிறுவனங்களை மாவட்ட நிர்வாகம் அழைத்துக் கண்டிக்க வேண்டும். குடும்ப வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022 விதி அவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, சர்ச்சுகளையும் கோயில் கமிட்டிகளையும் தெருச் சங்கங்களையும் ஒன்று கேட்கிறோம். நன்கொடைப் பட்டியலில் வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை எழுதி, கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிப்பதை இந்த ஆண்டே நிறுத்துங்கள். பல வீடுகளில் முதல் கடன் அந்தப் பட்டியலுக்காகத்தான் வாங்கப்படுகிறது. உண்டியலை வையுங்கள், முடிந்ததைப் போடட்டும். ஜனவரி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் வங்கி ஊழியர் ஒருவரை அழைத்து வந்து, சர்ச் வாசலிலேயே மேசை போட்டு, வருகிறவர்களுக்கு அடுத்த டிசம்பருக்கான தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கிக் கொடுங்கள். பொங்கல் கழிந்த வாரம் கோயில் கமிட்டிகளும் அதையே செய்யலாம்.